தமிழரசியின் மூன்று காது யானை

செல்வராசு அண்ணனின் குறுஞ்செய்தி வந்தபோது நான் திட்டக்குடி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். தமிழரசி போய்விட்டாள், நாளைக் காலை எடுக்கிறார்கள் என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பியிருந்தார். மஞ்சள் காமாலை முற்றிப்போய் அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். போன வாரம்கூடப் போனில் பேசினோம். கஞ்சி குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது, வீட்டுக்கு வந்ததும் மீன் குழம்பு வைத்துக் கொடு என்று கேட்டாள். விருத்தாசலம் பஸ் வந்து எனக்கு முன்னால் நின்றது. ஏறத் தோன்றாமல் அப்படியே நின்றேன், அது போய்விட்டது. அடுத்ததில்தான் ஏறினேன்.

ஊரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளெக்ஸ் பேனர். நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த சங்கம் வைத்த கண்ணீர் அஞ்சலி அது. 'எங்கள் கணினி ஒளிவிளக்கே' என்று பெரிய எழுத்தில் போட்டு, தமிழரசியின் படத்தை ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு ஒரு மூலையில் ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு, இரண்டு கைகளையும் கூப்பியபடி, சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு வந்த மெயில்களை வெளியாருக்கு விற்றுவிட்டாள் என்று சொல்லித் தமிழரசியை வேலையைவிட்டு அனுப்பியவர் இவர்தான். வெயிலில் நின்று அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் கண்ணீரோடு எழுதுவார்கள். என்னிடமும் கண்ணீர் இருக்கிறது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் அருவருப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அதை ஒளித்துவிட்டு இதை எழுத முடியாது. தமிழரசியைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவள் மெயிலை விற்றவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, சரி இருக்கும் என்று தலையாட்டிய நல்லவர்களும் படிக்கட்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஊரில் எத்தனையோ சங்கங்கள் உண்டு. எங்களுடையது பீங்கான் பொம்மை, பியூஸ் கட்டை, கப்பு, சாசர் என்று செய்யும் சிறு கூடங்கள் சில சேர்ந்து நடத்தியது. தனியாகச் சூளை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் எல்லாரும் பொதுச் சூளையில் முறை வைத்துச் சுட்டுக்கொண்டார்கள். பச்சைச் சாமானை இரும்பு வண்டியில் அடுக்கி ஒரு முனையில் உள்ளே தள்ளினால், வெந்த சாமானாக மறுமுனையில் வெளியே வரும். ஒரே வண்டியில் நாலு பேர் சாமான் இருக்கும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்றியவர்தான் இறக்க வேண்டும். அடுத்தவர் சாமான் உடைந்து சில்லாகக் கிடந்தாலும் கை வைக்கக்கூடாது. அவர் வரும்வரை வண்டி அப்படியே நிற்கும். இதற்காக அடிதடிவரை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் தமிழரசி. சிதம்பரத்தில் படித்தவள். கணவர் ரயில்வே ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். நான் அங்கே ஆங்கிலக் கடிதங்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே வயது என்பதால் முதல் வாரத்திலேயே வாங்க போங்க ஒழிந்து, வா போ ஆகிவிட்டது.

ஒவ்வொரு கூடத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். ஆனால் அது கட்டுப்படுத்தப்பட்ட கணக்கு. உள்ளே போனால் மெயில் படிக்கலாம், எழுதலாம், வெளியே வரலாம். வேறு எந்தக் கட்டளையும் ஓடாது. தெரியாமல் எதையாவது தட்டி எல்லார் வேலையையும் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக. மெயில் வந்தால் தானாகச் சில வேலைகள் நடக்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்தாள். வெளியூரிலிருந்து ஒரு விசாரணை வந்தால் உடனே 'கிடைத்தது, நன்றி' என்று பதில் போகும், கூடவே எங்கள் பிரிண்டரில் ஒரு தாள் அச்சாகும். அதைக் கிழித்து அந்தந்தக் கூடத்துக்கான தட்டில் வைப்பது என் வேலை. இந்த ஸ்கிரிப்ட்கள் கண்ட இடத்திலிருந்தும் ஓடிவிட முடியாது. ஒரே ஒரு டைரக்டரியில் இருப்பவற்றை மட்டும்தான் மெயில் ஓட்டும். அந்த டைரக்டரியில் கோப்பு வைக்கும் அதிகாரம் தமிழரசியிடம் இருந்தது.

அந்தக் கோப்புகளை அவள் வைத்த விதம்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் வேடிக்கை. ஒரு கணக்குக்கு ஸ்கிரிப்ட் போடுவதென்றால் அந்தக் கூடத்துக்காரரை வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துச் சொல்வாள். "மெயில் வந்ததும் இது ஒரு நகல் எடுக்கும். எடுத்து பிரிண்டருக்கு அனுப்பும். வேற யாருக்கும் அனுப்பாது. சரிங்களா?" அவர் சரி என்று தலையாட்டினால் போதாது. என்ன புரிந்தது என்று அவரே திருப்பிச் சொல்ல வேண்டும். மண் பிசைந்த கையோடு வந்து, ஒரு டீயை ஆறவிட்டு, அவர்கள் தடுமாறிச் சொல்வதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். எதுக்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க கையைக் கட்டுனது நாம. அவங்க கணக்குல என்ன ஓடுதுன்னு அவங்களால பாக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. அப்ப அவங்களுக்குக் கண்ணாவும் நாமதான் இருக்கணும்" என்றாள்.

அவளும் தப்பே செய்யாதவள் இல்லை. ஒரு மாசி மகத்துக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் கோயில் தேருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் மூச்சுவிடவில்லை, பிரிண்டரிலிருந்து வழிந்த தாள் தரையெல்லாம் மடிந்து மடிந்து கிடந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் ஒரு கம்பெனிக்கு 'கிடைத்தது, நன்றி' என்று எழுத, அந்தக் கம்பெனியின் ஸ்கிரிப்ட் அதற்கு 'உங்கள் நன்றி கிடைத்தது, நன்றி' என்று எழுத, திருவிழா முழுக்க இரண்டும் விடாமல் ஒன்றையொன்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. தானாகப் போகும் பதிலுக்குத் தானாகப் பதில் போகக்கூடாது என்ற ஒரு வரியைப் போட மறந்திருந்தாள். செயலாளர் அந்தத் தாள் குவியலைப் பார்த்துவிட்டு, சங்கத்துக்கு எவ்வளவு வரவேற்பு பாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். தமிழரசி தலையில் அடித்துக்கொண்டாள். "வணக்கம் சொன்னா வணக்கம் சொல்லலாம். வணக்கம் சொன்னதுக்கு வணக்கம் சொன்னதுக்கெல்லாம் வணக்கம் சொன்னா பொழப்பு ஓடாது" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியைச் சேர்த்தாள். பிறகு எல்லாக் கூடத்துக்காரர்களையும் மறுபடி வரவழைத்து, புதிதாகச் சேர்த்த வரியையும் படித்துக் காட்டினாள்.

இனி செயலாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மைத்துனர் ஒருவர் பியூஸ் கட்டை செய்யும் கூடம் வைத்திருந்தார். வியாபாரம் படுத்திருந்தது. ஒரு மத்தியானம் செயலாளர் எங்கள் அறைக்கு வந்து, எல்லாக் கூடங்களுக்கும் வரும் விசாரணைகளின் நகல் தனக்கும் வரும்படி ஒரு ஸ்கிரிப்ட் போட்டுவிடச் சொன்னார். மேற்பார்வைக்காம். செய்யலாம், எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடலாம் என்றாள் தமிழரசி. அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார் அவர். அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அவங்களுக்குத் தெரியாம படிக்கணும்னா அது எச்சி எலையில கை வெக்கிற வேலைங்க. எனக்குக் கொமட்டுது. நான் செய்ய மாட்டேன்."

செயலாளர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பல்லிடுக்கில் மாட்டிய பாக்கை நாக்கால் துழாவிக்கொண்டே சிரித்தார்.

கம்ப்யூட்டரின் முதன்மைப் பாஸ்வேர்டு சங்கத்தின் சொத்து என்பதால் அது செயலாளருக்கும் தெரியும். தமிழரசி லீவில் இருந்த ஒரு நாளில், யூபிஎஸ் பார்க்க வந்தவன் என்று கடலூரிலிருந்து ஓர் ஆளை அழைத்துவந்து உட்காரவைத்தார். அவன் யூபிஎஸ் பக்கமே போகவில்லை, கீபோர்டைத்தான் தட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் தமிழரசி வந்ததும் வழக்கம்போல அந்த டைரக்டரியைத் திறந்து பார்த்தாள். அவள் வைக்காத ஒரு கோப்பு அதில் இருந்தது. பார்ப்பதற்குச் சாதுவான பெயர். எல்லாக் கணக்குகளுக்கும் வருகிற மெயிலை ஒரு நகல் எடுத்துச் செயலாளரின் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குப்பைக் கூடையில் செத்த எலியைப் பார்த்ததுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய்ச் செயலாளரிடம் கேட்டாள். உங்கள் வேலையை மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தது.

அழித்துவிட்டால் மறுபடி வைப்பார்கள், கூடத்துக்காரர்களிடம் வெறுமனே சொன்னால் நம்பமாட்டார்கள் என்றாள். அவர்களுக்கு மெயில் என்பதே தட்டில் கிடக்கும் தாள்தான். தாள் காணாமல் போனால்தானே சந்தேகம் வரும்? தாள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆர்டர்தான் வராமல் போய்க்கொண்டிருந்தது. பொம்மைக்காரர் செல்வராசு அண்ணன் அப்போது தினமும் வந்து, விலை கேட்டவர்கள் ஏன் திரும்பி எழுதுவதில்லை என்று புலம்புவார். அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள், ஒரு சோதனை செய்யவும் சம்மதம் கேட்டாள். அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிச் சம்மதம் கொடுத்தார்.

வெளியே ஒரு இலவச மெயில் முகவரி திறந்தோம். பெங்களூரில் ஒரு பொம்மைக் கடை என்று சொல்லி, செல்வராசு அண்ணனின் கணக்குக்கு ஒரு விசாரணை அனுப்பினோம். டைப் அடித்தது நான்தான். என்ன பொம்மை கேட்பது என்று யோசித்தபோது தமிழரசி, உலகத்தில் யாருமே செய்யாத பொம்மையாக இருக்கட்டும் என்றாள். மூன்று காது உள்ள யானை பொம்மைகள் வேண்டும், அவசரம் என்று எழுதினோம். செல்வராசு அண்ணன் அதற்குப் பதிலே எழுதவில்லை. ஆனால் அந்த வாரமே பதில் வந்தது, வேறு கூடத்திலிருந்து. செயலாளரின் மைத்துனர் கூடம். வாழ்நாளில் ஒரு பொம்மை செய்யாத கூடம். ஆங்கிலத்தில் அவர்கள் எழுதியிருந்ததன் சாரம் இது: நாங்கள் பல வருடங்களாக மூன்று காது யானைகளைத் தரமாகத் தயாரித்து வருகிறோம், ஏற்றுமதியும் செய்கிறோம், மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குத் தருவோம். தமிழரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தப் பதிலை எழுந்து நின்று படித்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "வண்டியில ஏத்துனவங்கதான் எறக்கணும்னு ஒங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மெயிலும் அதேதாங்க. ஒங்க வண்டியிலேர்ந்து ஒருத்தரு எறக்கிக்கிட்டு இருக்காரு."

செயலாளர் மெதுவாக எழுந்தார். அந்த மிஷினின் சாவி யாரிடம் இருக்கிறது, இந்தம்மாவிடம்தானே, அப்படியென்றால் மெயிலை எடுத்து விற்றது யார் என்று கேட்டார். தன் மைத்துனர் விவரம் தெரியாமல் வாங்கி ஏமாந்துவிட்டார் என்றும் சொன்னார். மைத்துனர் தலையைக் குனிந்து ஆமாம் என்றார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்கள். நான் எழுந்து கடலூர் ஆள் வந்ததைச் சொன்னேன். டைப் அடிக்கிறவர்கள் கூட்டத்தில் பேசக்கூடாது என்றார்கள். செல்வராசு அண்ணன் எழுந்து, சோதனை தன் சம்மதத்தோடு நடந்தது என்றார். உட்காருங்கள் என்றார் செயலாளர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த சில்லுக்காகச் சட்டையைப் பிடித்தவர்கள், சூளைக்கு முன்னால் நின்று ஊர் கேட்கக் கத்தியவர்கள். பொதுச் சூளையில் யாருக்கு எப்போது முறை என்று எழுதுவது செயலாளர். அதனால் மொத்தப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

தமிழரசி அன்றே அனுப்பப்பட்டாள். போவதற்கு முன் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, இன்னின்ன கணக்கில் இன்னின்னது ஓடுகிறது என்று எனக்கு வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். நானும் அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஊரில் அவளுக்குக் கிடைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், மெயில் வித்தாங்களே அந்தம்மாவா என்று கேட்டார்கள். கடைசியில் சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் அறைச் சாவியை மட்டும் அவளிடம் கொடுக்கமாட்டார்களாம். ஒருநாள் பஸ்ஸில் இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை, பஸ் சீட்டில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

கூட்டத்தில் பேசியதற்காகச் செல்வராசு அண்ணனுக்குச் சூளை முறை தள்ளித் தள்ளிப் போய், வெகுநாள் கழித்துக் கிடைத்தது. வண்டியில் தன் பொம்மைகளோடு ஒரு மூன்று காது யானையையும் ஏற்றி, தானே நின்று இறக்கி, வைக்கோல் சுற்றித் தமிழரசிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். முன்னாலிருந்து பார்த்தால் அது சாதாரண யானை. மூன்றாவது காதைப் பிடரியில் வைத்திருந்தார். இது எதற்கு என்று நான் கேட்டேன். "ரெண்டு காது தனக்கு வரதைக் கேக்க. மூணாவது அடுத்தவங்களுக்கு வரதைக் கேக்க" என்றாள் தமிழரசி.

இரங்கல் கூட்டம் சில நாள் கழித்து அதே ஹாலில் நடந்தது. இரங்கல் கூட்டத்துக்கும் ஒரு சிறப்பு விருந்தினர், வெளியூர்க்காரர், பொன்னாடை வேறு. தமிழரசியின் கணவரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அன்று காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த யானையை என்னிடம் கொடுத்திருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்து, தமிழரசி நேர்மையின் சிகரம் என்று தொடங்கினார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. மேடைக்குப் போய், மாலை போட்ட அவள் படத்துக்குப் பக்கத்தில் யானையை வைத்தேன். அதன் முதுகு கூட்டத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டு இறங்கினேன்.

எல்லார் கண்ணும் அந்த மூன்றாவது காதில் நின்றது. செயலாளர் பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் வார்த்தை தடுமாறியது. நான் தவறாக வைத்துவிட்டேன் என்று நினைத்த விருந்தினர் எழுந்து, நல்லபடியாக யானையைத் திருப்பி வைத்தார். இப்போது பிடரி மேடைப் பக்கம் வந்தது. அவர் குனிந்து பார்த்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

"இதென்னங்க, மூணு காது இருக்குது?"

பின்வரிசையிலிருந்து செல்வராசு அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்: "அது எங்க சங்கத்து ஐட்டம்ங்க. பல வருசமா தரமா செய்யறோம். ஏற்றுமதியும் உண்டு."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார். பிறகு ஹாலே சிரித்தது. செயலாளர் பேச்சை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் நிறைவு இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு இதே ஆட்கள் சிரித்துவிட்டுத்தான் தரையைப் பார்த்தார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

கூட்டம் கலையும்போது கூடத்துக்காரர்கள் சிலர் தமிழரசியின் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா விக்கலைங்க. எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

கணவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும்ங்க" என்றார்.

திட்டக்குடியில் நான் இப்போது ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். யானை என் மானிட்டருக்கு மேல், வருகிறவர்களுக்குப் பிடரி தெரியும்படி உட்கார்ந்திருக்கிறது. பல பேர் அவசரத்தில் தங்கள் மெயிலை மூடாமலே எழுந்து போய்விடுகிறார்கள். அந்தத் திரைக்குப் பக்கத்தில் போகும்போது என் கண் தன்னால் ஒரு வரியாவது படிக்கப் பார்க்கும். உடனே அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் எழும்பும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடிவிடுவேன். தமிழரசியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த யானையும் இந்தக் குமட்டலும்தான். யானை என்றைக்காவது கை தவறி உடையலாம். குமட்டல் போகாமல் இருந்தால் போதும்.